எல்லாத் தளத்துக்கும் ஒரே ஸ்கிரிப்டா? இதழியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் இதழியல் சேர்ந்த முதல் வருஷம், அசைன்மென்ட்டுக்காக அல்சூர் ஏரிக்கரை திருவள்ளுவர் சிலையைப் பிடித்துக்கொண்டேன். 1991இல் வைத்த சிலை, 18 வருஷம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். அதையே மைக் முன்னால் படித்து ஆடியோ, அதன்மேல் சிலைப் படங்களை ஓட்டி வீடியோ, அதில் ஒரு நிமிஷத்தை வெட்டி ரீல். ஒரே சட்டையை வீட்டில் நாலு பேருக்கும் மாட்டிவிட்ட மாதிரி இருந்தது.

பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். 18 வருஷத்து அரசியலை எழுத்து தாங்கும். கேமராவுக்கு அந்தக் கதை கிடைக்காது. இன்றைக்கு அங்கே போனால் திறந்திருக்கும் சிலைதானே தெரியும்? பக்கத்தில் பூக்கட்டும் அம்மா ஒருவர், “மூடிக் கிடந்த வள்ளுவரைத்தான்பா எம் பசங்க பாத்து வளந்தாங்க” என்றார். அது குரலாகக் கேட்க வேண்டிய வரி. நானோ அதைக் கட்டுரையில் மேற்கோளாக்கி, ஆடியோவில் என் குரலிலேயே படித்து வைத்தேன்! எது எழுத்துக்கு, எது காதுக்கு, எது கண்ணுக்கு என்று கிளம்பும் முன்பே நோட்டில் பிரித்துக்கொள்ளுங்கள்.

அவர் குரலைப் போட்டிருந்தாலும் பாதி கேட்டிருக்காது என்பது வேறு விஷயம். போனைக் கையில் பிடித்தபடி தள்ளி நின்று பதிவு செய்தேன். பஸ் ஹாரன் மீதியைத் தின்றுவிட்டது. காலர் மைக் ஒன்று வாங்கிவிடுங்கள். பதிவின்போது போன் ஏர்பிளேன் மோடில் இருக்கட்டும். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் 30 விநாடி அந்த இடத்துச் சத்தத்தை மட்டும் பதியுங்கள். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை ஒட்ட அதுதான் பசை.

டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த வீடியோவில் பட்டை பட்டையாக ஓடுகிறதா? போன் மேல் பழி வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று; அதோடு சேர்ந்து டியூப்லைட்டும் கண்ணுக்குத் தெரியாமல் மினுக்குகிறது. கேமராவில் விநாடிக்கு 25 ஃபிரேமும் 1/50 விநாடி ஷட்டர் வேகமும் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அப்புறம், அனுமதி. ஆடியோவுக்குத்தானே என்று சம்மதித்தவரின் முகத்தை ரீலில் போடக் கூடாது. ஒவ்வொரு தளத்துக்கும் தனியாகக் கேளுங்கள். குற்ற வழக்கில் சிக்கிய அல்லது பாதிக்கப்பட்ட குழந்தை என்றால் சட்டமே குறுக்கே நிற்கும்: 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. முகத்தை மங்கலாக்கிவிட்டு, பள்ளிச் சீருடையை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

கடைசியாக, திருத்தம். திறப்பு விழா வருஷத்தை நான் முதலில் 2008 என்று போட்டிருந்தேன். கட்டுரையில் மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். ரீல் அதே 2008ஓடு வகுப்பு வாட்ஸ்அப் குழுவைத் தாண்டி எங்கள் பெரியப்பா வரை போய்ச் சேர்ந்தது. எந்தத் தகவல் எந்தெந்த வடிவத்தில் போயிருக்கிறது என்று இப்போது ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். பெரியப்பா மட்டும் இன்னும் 2008 என்றே சொல்கிறார்.