டெக்சாஸில் வீட்டுக்கல்வி தொடங்குவோருக்கு

டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பகுதிகளுக்குப் புதிதாக வந்து, பிள்ளைக்கு வீட்டிலேயே கற்பிக்க விரும்பும் பெற்றோர் முதலில் கேட்பது, எந்த அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான். டெக்சாஸில் அப்படியோர் அலுவலகம் கிடையாது. வீட்டில் கற்பித்த பெற்றோர் தொடுத்த லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 1994இல் அளித்த தீர்ப்பின்படி, முறையாக நடத்தப்படும் வீட்டுக்கல்வி தனியார் பள்ளிக்குச் சமமானது. ஆகவே கற்பிக்கும் பெற்றோருக்கு ஆசிரியர் பட்டமோ, பிள்ளைக்கு அரசுத் தேர்வோ கட்டாயமில்லை.

சட்டம் எதிர்பார்ப்பவை சிலவே. கற்பித்தல் பெயரளவுக்கு இல்லாமல் உண்மையாக நடக்க வேண்டும். புத்தகமாகவோ கணினித் திரையிலோ கண்ணால் காணக்கூடிய பாடத்திட்டம் இருக்க வேண்டும். வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகிய ஐந்தும் அதில் இடம்பெற வேண்டும். அறிவியல் இந்தப் பட்டியலில் இல்லை என்பதற்காக அதை விட்டுவிடும் தமிழ்ப் பெற்றோர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

இதுவரை இங்குள்ள அரசுப் பள்ளியில் சேராத பிள்ளையாயின் யாருக்கும் தெரிவிக்காமலே தொடங்கலாம். ஏற்கெனவே சேர்ந்திருந்தால், அனுப்புவதை நிறுத்துவதற்கு முன்பே விலகல் கடிதம் கொடுத்துவிட வேண்டும். கடிதம் கொடுக்காமல் நின்றுவிட்டால், ஆறு மாதத்துக்குள் பத்து நாள் காரணமற்ற வராமை சேர்ந்தாலே விவகாரம் நீதிமன்றம் வரை போகக்கூடும். பிள்ளையின் பெயர், எந்தத் தேதியிலிருந்து வீட்டில் கற்பிக்கிறீர்கள், மேற்சொன்ன ஐந்து பாடங்களும் எழுத்து வடிவப் பாடத்திட்டத்தின்படி கற்பிக்கப்படுகின்றன என்ற உறுதி ஆகிய மூன்றும் விலகல் கடிதத்தில் இருந்தால் போதும். பள்ளி முதல்வருக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் தேதிக்கு அதுவே சாட்சி. நேரில் வந்து படிவம் நிரப்புங்கள் என்று சில பள்ளிகள் கேட்பதுண்டு. பணிவாகக் கடிதத்தையே சுட்டிக்காட்டலாம்.

அரசு எதையும் கேட்பதில்லை என்பதால் பதிவேடுகளை அலட்சியம் செய்வதுதான் நம்மவர்களுக்குப் பின்னாளில் பெரும் தொல்லையாகிறது. விசாவில் வாழும் குடும்பம் எந்த ஆண்டில் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. நியூயார்க்குக்கு மாற்றலானால் ஆண்டுப் பாடத்திட்டமும் காலாண்டு அறிக்கைகளும், பென்சில்வேனியாவுக்குப் போனால் பிள்ளையின் வேலைகளைத் தொகுத்த கோப்பும் மதிப்பீட்டாளரின் சான்றும் கேட்பார்கள். டெக்சாஸிலேயே அரசுப் பள்ளிக்குத் திரும்பினால், எந்த வகுப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்யப் பள்ளி நிர்வாகம் தேர்வு வைக்கலாம். இந்தியாவுக்குத் திரும்பினால் அங்குள்ள பள்ளிகள் மாற்றுச் சான்றிதழ் கேட்கும். அது இல்லாத பெரிய பிள்ளைகளுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வு ஒரு வழி. ஆகவே ஒவ்வொரு பாடத்துக்கும் நூல்களின் பெயர், மாதத்துக்கு இரண்டு மூன்று எழுத்து வேலைகள், தேதியிட்ட தேர்வுத் தாள்கள் ஆகியவற்றை முதல் வாரத்திலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் பட்டியலையும் பெற்றோரே தயாரிக்க வேண்டும்.

ஹெச்4 விசாவில், அதாவது பணி விசாவில் வந்தவரின் துணைக்குத் தரப்படும் விசாவில், உள்ள தாயோ தந்தையோ தம் பிள்ளைக்குக் கற்பிப்பது வேலையாகாது. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு கட்டணம் வாங்கினால் அது வேலையாகிவிடும். பணி அனுமதி அட்டை இல்லாதவர்கள் அதில் இறங்க வேண்டாம்.