இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு கேட்டு வாங்குவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் அதோடு நின்றுவிடுகிறது. நாம் போய்க் கேட்டால்தான் வகுப்பு வரும்.

1996 கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் படிக்க வசதி செய்து தர வேண்டும். 15 மாணவர்கள், 15 குடும்பங்கள் அல்ல. இது தெரியாமல் நான் 11 வீட்டுக் கையெழுத்தோடு போனேன். ஆள் போதாது என்றார்கள், திரும்பிவிட்டேன். அந்த 11 வீட்டிலிருந்து அங்கே படித்தவர்கள் 17 பேர்! என் மூத்தவளுக்கு ஒரு வருடம் தமிழ் இல்லாமலே போனது. இன்றும் மனசு உறுத்துகிறது.

ஆகவே பட்டியலைப் பிள்ளை வாரியாக எழுதுங்கள். லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள், செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்தவர்கள் குளித்து உட்கார்ந்திருப்பார்கள். "தமிழ் படிச்சா என்ன கிடைக்கும்?" என்று கேட்பார்கள். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் அரசுத் தேர்வில் தமிழும் ஒரு பாடம் என்று சொல்லுங்கள். பாட்டி இருக்கும் வீடென்றால் முதலில் பாட்டியிடம் பேசுங்கள். பேரன் தமிழில் எழுதிப் பார்க்க அவரைவிட ஆசைப்படுபவர் யார்?

கடிதம் மலாயில் இருக்கட்டும். அரசியலமைப்பின் 152ஆம் பிரிவையும் குறிப்பிடுங்கள். மலாய் தேசிய மொழி என்று சொல்லும் அதே பிரிவுதான், வேறு மொழி கற்பதையோ கற்பிப்பதையோ யாரும் தடுக்கக்கூடாது என்கிறது. பள்ளி முதல்வரிடம் கொடுத்து, உங்கள் நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். இன்னொரு நகல் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு.

நகராண்மைக் கழகத்துக்கு அலையாதீர்கள். பள்ளி மத்திய அரசின் பொறுப்பு. கழக உறுப்பினர்களோ நாம் ஓட்டுப் போட்டு வந்தவர்கள் அல்ல, உள்ளாட்சித் தேர்தல் 1965-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

சரி, வகுப்பு கிடைத்தது. பள்ளி முடிந்த பிறகுதான் நடக்கும் என்றால் வேன்காரரிடம் அன்றைக்கே பேசிவிடுங்கள். இரண்டு மணி வேன் போய்விட்டால் எங்கள் தோட்டத்துக்கு வேறு வண்டி கிடையாது. புதன்கிழமை மட்டும் நான்கு மணிக்கு வரச் சொல்லி, பிள்ளைக்கு மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) கூடக் கொடுத்தோம். என் இளையவன் இப்போது அந்த வேனில்தான் வருகிறான்.