ஆன்மிகத்துக்கு மார்க் போடுறது எப்படி? முதல் தடவை தீசிஸ் பண்றவங்களுக்கு

எம்.எஸ்சி நர்சிங் படிக்கிற பொண்ணு ஒருத்தி போன வாரம் போன் பண்ணி "அக்கா, கேன்சர் வார்டுல ஆன்மிகத்தை அளக்கணும், ஒரு ஸ்கேல் அனுப்புங்க"ன்னா. என்னமோ பிபி மெஷின் கடன் கேக்குற மாதிரி! ஸ்கேல்னா இங்க மார்க் போடுற கேள்வித்தாள். அவளுக்குச் சொன்னதையே இங்க எழுதுறேன்.

ஸ்டெப் 1: எதை அளக்கப் போறீங்கன்னு ஒரே வரில எழுதுங்க. கோயில், சர்ச், மசூதிக்குப் போறதையா, வீட்டுல தனியா கும்புடுறதையா, இல்ல வாழ்க்கைக்கு ஒரு அர்த்தம் இருக்குங்கிற நெனப்பையா? சாமியே கும்புடாதவருக்கும் அந்த மூணாவது இருக்கும், அதனால மூணையும் ஒரே குண்டான்ல போட்டுக் கிண்டாதீங்க.

ஸ்டெப் 2: ஸ்கேல் எடுக்குறது. மதம் சார்ந்த பழக்கம்னா டியூக் யூனிவர்சிட்டியோட ட்யூரல் (DUREL), மொத்தமே 5 கேள்விதான். அர்த்தம், நிம்மதி, ஆன்மிக நம்பிக்கை வேணும்னா ஃபேசிட்-எஸ்பி (FACIT-Sp), 12 கேள்வி, கடைசி 7 நாளைப் பத்திக் கேக்கும், ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 4 வரை, மொத்தம் 48.

ஸ்டெப் 3தான் எல்லாரும் வழுக்குற இடம். ஃபேசிட்-எஸ்பில "மனசு நிம்மதியா இருக்கு"ன்னு ஒரு வரி வரும். இதைக் கேட்டுட்டு கூடவே டிப்ரஷன் ஸ்கேலும் குடுத்து, "ஆன்மிகம் ஜாஸ்தியா இருக்கவங்களுக்கு டிப்ரஷன் கம்மி"ன்னு எழுதுனா என்ன அர்த்தம்? நிம்மதியா இருக்கவங்க நிம்மதியா இருக்காங்க, அவ்ளோதான். ட்யூரலை உருவாக்குன ஹெரால்ட் கோனிக் இதை 2008லயே எழுதிட்டாரு, இன்னும் நம்ம ஆளுங்க அதையே பண்ணி டிகிரி வாங்குறாங்க. அதனால ஃபேசிட்-எஸ்பில ஆன்மிக நம்பிக்கைக்கான 4 கேள்வியைத் தனியா, அர்த்தம், நிம்மதி பத்தின மத்த 8ஐ தனியா பாருங்க.

ஸ்டெப் 4: முழுசா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அஞ்சாறு பேர்கிட்ட கேட்டுப் பாருங்க. ட்யூரலோட முதல் கேள்வி, சர்ச்சுக்கோ மதக் கூட்டத்துக்கோ எத்தனை தடவை போறீங்கன்னு. நான் கேட்ட பாட்டி ஒருத்தங்க, "ஆபரேஷனுக்கு அப்புறம் படியே ஏற முடியலம்மா, எங்க போறது, படுத்துக்கிட்டே முருகா முருகாங்குறேன்"னாங்க. அவங்களுக்கு விழுந்தது 1 மார்க். நான் அளந்தது அவங்க பக்தியையா முட்டியையா? தனியா கும்புடுறதுக்குன்னு ரெண்டாவது கேள்வி இருக்கிறது இதுக்காகத்தான்னு அன்னைக்குத்தான் உறைச்சுது.

ஸ்டெப் 5: கூட்டுறது. ட்யூரல்ல முதல் ரெண்டு கேள்விக்கும் 1 முதல் 6, கடைசி மூணையும் சேர்த்தா 3 முதல் 15. இந்த மூணு நம்பரையும் ஒண்ணாக் கூட்டி 27க்கு இவ்ளோன்னு போடாதீங்க, தனித்தனியாத்தான் பாக்கணும். ஃபேசிட்-எஸ்பில 4வது, 8வது வரி ரெண்டும் நெகட்டிவ், அதாவது நிம்மதி இல்ல, அர்த்தம் இல்லன்னு கேக்குற வரி, அதனால பேஷண்ட் சொன்ன நம்பரை 4ல கழிச்சு எழுதணும். நான் என் முதல் டேட்டால இதை மறந்துட்டேன், வாழ்க்கையே வெறுத்துப்போச்சுன்னு அழுத ஒரு அம்மாவுக்கு 8வதுல முழுசா 4 மார்க் போட்டிருக்கேன். வைவாக்கு ரெண்டு நாள் முன்னாடி பாத்து, ராத்திரி முழுக்க எக்செல்ல உக்காந்து திருத்துனேன்.