தக்காளி ரகங்களை ஒப்பிட்டு வளர்க்கும் முறை

இரண்டு மூன்று தக்காளி ரகங்களைச் சேர்த்து வளர்ப்பவர்களில் பலர், எது நன்றாகக் காய்த்தது என்பதைப் பருவ முடிவில் நினைவிலிருந்தே சொல்லிவிடுகிறார்கள். ஒரு செடி முழு வெயிலிலும் மற்றொன்று சுவர் நிழலிலும் நின்றிருந்தால், அந்த முடிவு ரகத்தைவிட இடத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

முதலில், ஒப்பிடத் தக்க ரகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரோமா போன்றவை ஓரளவு உயரத்துக்குப் பின் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, குறுகிய காலத்துக்குள் பெரும்பாலான காய்களைத் தந்துவிடுகின்றன. பிராண்டிவைன், செரோக்கி பர்ப்பிள் முதலியவையோ வானிலை இடங்கொடுக்கும்வரை வளர்ந்துகொண்டும் காய்த்துக்கொண்டும் இருக்கின்றன. ஆகவே, தொடக்க வாரங்களின் விளைச்சலை மட்டும் வைத்து இவ்விரு வகைகளையும் எடைபோடக் கூடாது. சதைப்பற்று மிகுந்து சாறு குறைந்த சான் மர்சானோ, சமைத்துச் சுண்டவைப்பதற்கு ஏற்றது. அதை சன்கோல்டு என்னும் செர்ரித் தக்காளியோடு இனிப்பில் போட்டியிடச் செய்வது வீண் வேலை.

எல்லா ரகங்களையும் ஒரே நாளில், ஒரே மண்கலவையில் விதைத்து, நாற்றுகளை ஒரே நாளில் நட வேண்டும். ரகத்துக்குக் குறைந்தது இரண்டு செடிகளாவது தேவை. அவற்றை அருகருகே நடாமல் இடம் மாற்றி நட்டால், வெயிலிலும் மண்ணிலும் உள்ள வேறுபாடு ஓரளவு சமப்படும். தொட்டியில் வளர்ப்பதானால் எல்லாத் தொட்டிகளும் ஒரே அளவில் இருக்கட்டும். தொடர்ந்து வளரும் ரகங்களில் பக்கக் கிளைகளைக் கிள்ளுவதென்றால் அவை அனைத்திலும் கிள்ள வேண்டும். ரோமா வகையில் கிள்ளினால் விளைச்சல்தான் குறையும்.

முதல் பூ, முதல் பழம் ஆகியவற்றின் தேதிகளையும், பறித்த பழங்களின் எண்ணிக்கையையும் எடையையும் ஏட்டில் குறித்துவர வேண்டும். விதைப் பொட்டலத்தின் மேல் போட்டிருக்கும், பழம் வர ஆகும் நாள் கணக்கு, தக்காளியைப் பொறுத்தவரை, வழக்கமாக நாற்று நட்ட நாளிலிருந்து தொடங்குவது; விதைத்த நாளிலிருந்து எண்ணிவிட்டு ரகத்தைக் குறைசொல்லக் கூடாது. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில் மகரந்தம் பழுதடைந்து பூ உதிர்வதால், வெப்பநிலையையும் உடன் எழுதிவைத்தால், வெப்பம் தாங்கும் ரகம் எதுவென்று தெரியவரும். காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவது கால்சியம் காய்க்குச் சரிவரப் போய்ச் சேராததன் விளைவு. நீண்ட காய் ரகங்களில் இது அதிகம் காணப்படும் என்றாலும், தண்ணீர் விடுவது ஒழுங்காக இருந்ததா என்று பார்த்த பின்பே ரகத்தின் மீது பழிபோட வேண்டும்.

சுவைப்பதில்தான் கவனம் மிகவும் பிசகுகிறது. ஒரே அளவு பழுத்த, குளிர்சாதனப் பெட்டியில் வைக்காத பழங்களை ஒரே நாளில் அரிந்து, பெயர் தெரியாதபடி எண்ணிட்டு, உப்பு சேர்க்காமல் பலரிடம் கொடுக்க வேண்டும். இனிப்பு, புளிப்பு, மணம், தோலின் தடிப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் கேட்பது நல்லது. பெரிய மழைக்கு அடுத்து பறித்த பழத்தில் சுவை நீர்த்திருக்கும் என்பதால், அன்று இச்சோதனையைத் தள்ளிப்போடலாம்.

பிடித்த ரகத்தின் விதையைச் சேமிக்க விரும்பினால், சன்கோல்டு போன்ற கலப்பினங்களை விட்டுவிட வேண்டும். அவற்றின் விதையிலிருந்து தாய்ச்செடியைப் போன்ற செடி வருமென்று நம்ப முடியாது. மற்ற ரகங்கள் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பவையே என்றாலும், பல ரகங்கள் நெருங்கி நிற்கும் தோட்டத்தில் ஒரு பூங்கொத்தை மலரும் முன்பே மெல்லிய துணிப்பையால் மூடி, காய் பிடித்ததும் பையை அகற்றி, அந்தக் கொத்துக்கு அடையாளக் கயிறு கட்டிவிட வேண்டும்.