ஜப்பான் கதவைச் சாத்தாமல் இருந்திருந்தால்: மாற்று வரலாறு எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1600-களில் ஜப்பான் தன் துறைமுகங்களை மூடிக்கொள்ளாமல், கடல் கடந்து நாடு பிடிக்கக் கிளம்பியிருந்தால்? மாற்று வரலாற்றுக் கதை எழுதுகிறவர்களுக்கு இவ்வளவு ஆசை காட்டும் கேள்வி வேறு அதிகம் இல்லை. மணிலாவில் ஸ்பானியர், சீனக் கரையோர மக்காவில் போர்த்துக்கீசியர், பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) டச்சுக்காரர்கள் என்று எதிரிகள் வரிசையாக நிற்கிறார்கள். இந்தப் பக்கம் நூறாண்டு உள்நாட்டுச் சண்டையில் ஊறிய, துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த, சண்டை ஓய்ந்ததும் வேலையில்லாமல் திரிகிற சாமுராய்க் கூட்டம். மோதவிட்டால் போதும், கதை தானாக ஓடும் என்று தோன்றும். ஓடவும் செய்யும், மூன்றாவது அத்தியாயம் வரை.

அதற்கு மேல் ஏன் ஓடுவதில்லை என்பதைப் பார்ப்போம்.

வாளை எண்ணுவது, கப்பலை மறப்பது

இது முதல் தவறு, பெரிய தவறும் இதுதான். "மணிலாவில் ஸ்பானியர் சில ஆயிரம் பேர்கூடத் தேறமாட்டார்கள், ஜப்பானிடம் லட்சம் வீரர்கள் இருக்கிறார்கள், அப்புறம் என்ன?" என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த வீரர்கள் நாகசாகியில் இருக்கிறார்கள். மணிலா அங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல்.

நாட்டை ஆண்ட டோக்குகவா இயேயாசு 1604 முதல் வெளிநாடு போகும் வணிகக் கப்பல்களுக்குச் சிவப்பு முத்திரை பதித்த அனுமதிச் சீட்டு கொடுத்தார். 1635 வரை அந்தச் சீட்டோடு போன பயணங்கள் சுமார் 350. ஆண்டுக்குப் பத்துப் பதினொன்று. பல கப்பல்கள் 200, 300 டன் அளவுதான். இருபதாயிரம் பேரை மணிலா இருக்கும் லூசோன் தீவில் இறக்கவேண்டும், கப்பலுக்கு இருநூறு பேர் என்று வைத்துக்கொண்டால், நூறு ஆழ்கடல் கப்பல் தேவை. நாடு முழுவதிலிருந்தும் ஓராண்டில் கிளம்பிய கப்பலைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. அதில் அரிசி, தண்ணீர், மருந்து, குதிரை எதையும் இன்னும் ஏற்றவில்லை.

காற்றும் இருக்கிறது. குளிர்கால வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே போகவேண்டும், கோடையில் தென்மேற்குக் காற்றில் திரும்பவேண்டும். ஆண்டுக்கு ஒரு சுற்று. "உதவிப் படை அனுப்புங்கள்" என்று மணிலாவிலிருந்து ஒரு தளபதி கடிதம் எழுதினால், அந்தப் படை வந்து சேர்வதற்குள் ஓர் ஆண்டின் பெரும்பகுதி ஓடிவிடும். பல கதைகளில் இது பதினைந்து நாளில் முடிந்துவிடுகிறது.

கடலில் ஜப்பானியர் கை எவ்வளவு நீளும் என்பதற்கு இரண்டு உண்மைச் சம்பவங்கள் உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரியும்: 1592-இல், அப்போது ஜப்பானை ஆண்ட ஹிடேயோஷி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படையைக் கொரியாவுக்கு அனுப்பினார். மூன்று வாரத்தில் சியோல் விழுந்தது. பிறகு கொரியக் கடற்படைத் தளபதி யி சுன்-சின் கடல்வழி உணவுப் பாதையை அறுத்தார், ஹான்சான் தீவருகே ஜப்பானியக் கடற்படையை நொறுக்கினார், தரையில் வென்றதெல்லாம் கைநழுவியது. சுஷிமா தீவிலிருந்து பூசான் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான் என்பதைக் கவனிக்கவேண்டும். அந்தத் தூரத்திலேயே தட்டுத்தடுமாறியவர்களை நாம் மணிலாவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 1610 ஜனவரியில், நாகசாகித் துறைமுகத்திலேயே, அரிமா ஹருநோபு என்ற சிற்றரசர் ஒரே ஒரு போர்த்துக்கீசியக் கப்பலைப் பிடிக்க முயன்றார். மக்காவில் தன் ஆட்களைக் கொன்றதற்குப் பழிவாங்கும் வேலை அது. கப்பல் தலைவன் அந்திரே பெசோவா. மாலுமிகளில் பெரும்பாலோர் கரையிலேயே சிக்கிக்கொள்ள, கப்பலில் சண்டைக்கு இருந்தவர்கள் மிகக் குறைவு. எதிரே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியர், படகுகளில். முதல் இரவு முடியவில்லை, அடுத்த இரவும் முடியவில்லை. கடைசியில் இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே மரக் கோபுரம் எழுப்பி, தீப்பிடிக்காமல் இருக்க ஈரத் தோலைப் போர்த்தி, அதைக் கப்பலருகே தள்ளிக்கொண்டு போனார்கள். சண்டையில் கப்பலில் தீப்பற்றியது. இனித் தப்பமுடியாது என்று தெரிந்ததும் பெசோவா வெடிமருந்துக் கிடங்குக்கு நெருப்பு வைத்துக் கப்பலோடு தானும் போனான். பட்டு, வெள்ளி எல்லாம் கடலுக்கடியில். சொந்தத் துறைமுகத்தில், ஆள் குறைந்த ஒரு கப்பலுக்கே இந்தப் பாடு. திறந்த கடலில் பீரங்கி வைத்த நான்கு கப்பல்கள் எதிரே வந்தால் என்ன செய்வார்கள் என்பதற்கு உங்கள் கதை பதில் சொல்லவேண்டும்.

பதில் இல்லாமல் இல்லை. ஜப்பானியருக்குப் பெரிய கப்பல் கட்ட வராது என்று நினைப்பது அடுத்த கோடிக்குப் போவதாகும். ஆங்கிலேய மாலுமி வில்லியம் ஆடம்ஸ் இயேயாசுவுக்கு 80 டன், 120 டன் கப்பல்கள் இரண்டு கட்டிக் கொடுத்தார். 120 டன் கப்பல் 1610-இல் பசிபிக்கைக் கடந்து மெக்சிகோ போனது. 1613-இல் சென்டாய் பிரபு டாடே மசமுனே ஸ்பானியர் உதவியோடு கட்டிய பெரிய கப்பல் அவருடைய தூதர் ஹசேகுராவை ஏற்றிக்கொண்டு மெக்சிகோவின் அகாபுல்கோ போனது. கியோட்டோவின் கியோமிசு கோயிலில் காணிக்கையாக வைத்த மரப்பலகை ஓவியங்களில் அந்தக் கால வணிகக் கப்பலைப் பார்க்கலாம்: சீன பாணி உடல், பின்பக்கத்தில் ஐரோப்பிய முக்கோணப் பாய். வழிகாட்ட போர்த்துக்கீசியரையும் சீனரையும் கூலிக்கு அமர்த்தினார்கள். ஆக, கட்டத் தெரியும், ஓட்டவும் ஆள் கிடைக்கும். கட்டினால் யார் கைக்குப் போகும் என்ற பயம்தான் குறுக்கே நின்றது.

ஜப்பான் என்று ஒரே ஆள் இருந்ததாக நினைப்பது

"ஜப்பான் முடிவு செய்தது" என்று எழுதியதுமே கதை தடம் மாறிவிடுகிறது. ஷோகன், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர், இருந்தது எடோவில் (இன்றைய டோக்கியோ), கிழக்கே. கப்பல், துறைமுகம், வெளிநாட்டு வணிகம் எல்லாம் மேற்கே கியூஷு தீவில், நேற்றுவரை அவரை எதிர்த்து நின்ற சிற்றரசர்கள் கையில். 1609-இல் இயேயாசு செய்த ஒரு காரியம் இதைக் காட்டிக்கொடுக்கிறது: மேற்குச் சிற்றரசர்களிடமிருந்த 500 கொக்கு (ஜப்பானிய அரிசி அளவு) சுமைக்கு மேற்பட்ட கப்பல்களைப் பறிமுதல் செய்தார். அதே ஆண்டில்தான் தெற்குக் கியூஷுவில் சட்சுமாவை ஆண்ட ஷிமாசு குடும்பம் மூவாயிரம் பேரோடு ரியூக்யூவை (இன்றைய ஒகினாவா தீவுகள்) பிடிக்கவும் அனுமதி கொடுத்தார். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது. ஷோகனின் முதல் கவலை மணிலா இல்லை, மணிலாவைப் பிடித்துப் பணக்காரனாகிற ஷிமாசு.

ஆகவே "1639-இல் நாட்டை மூடும் ஆணை வரவில்லை" என்று ஒரு வரியில் திருப்பம் வைத்தால் அது நிற்காது. அப்படி ஒரே நாளில் மூடவில்லை. 1633 முதல் 1639 வரை ஒன்றன்பின் ஒன்றாக ஆணைகள் வந்தன. காரணம் உள்ளூர் அரசியலும் கிறித்தவப் பயமும். அந்தக் காரணங்களைத் தொடாமல் விளைவை மட்டும் அழித்தால், வேறொரு தேதியில் அதே ஆணை வந்துவிடும். ஷோகன் பலமிழந்து கியூஷு பிரபுக்கள் தனித்தனியாகக் கடலில் இறங்குகிறார்கள் என்று எழுதுங்கள், அப்போது நம்பலாம். ஆனால் அது "ஜப்பானியப் பேரரசு" கதை இல்லை, ஒருவரை ஒருவர் காலை வாரும் நான்கைந்து கடற்கொள்ளைச் சிற்றரசுகளின் கதை. எனக்கு அதுதான் இன்னும் சுவையாகப் படுகிறது.

இதோடு ஒட்டிய தவறு, 1600-களின் ஆட்களை 1900-களின் மூளையோடு நடமாடவிடுவது. "ஆசியா ஆசியருக்கே" என்று பேசும் ஷோகனைப் பார்த்தால் புத்தகத்தை மூடிவிடலாம்.

ஐரோப்பியரை ஒரே கட்சியாக்குவது

போர்த்துக்கீசியர் 1580 முதல் 1640 வரை ஸ்பெயின் மன்னரின் கீழ் இருந்தார்கள், ஆனாலும் மக்காவும் மணிலாவும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டுதான் இருந்தன. டச்சுக்காரர்கள் இருவருக்கும் எதிரி. ஆங்கிலேயர் 1613-இல் கியூஷு பக்கத்து ஹிராடோ துறைமுகத்தில் கடை திறந்து, கட்டுப்படியாகாமல் 1623-இல் மூட்டை கட்டிவிட்டார்கள். இவர்கள் எல்லோருக்கும் ஜப்பான் முதலில் வாடிக்கையாளர், அப்புறம்தான் ஆபத்து.

எந்த அளவுக்கு என்றால், 1628-இல் தைவானில் நடந்ததைப் பாருங்கள். அங்கிருந்த டச்சு ஆளுநர் பீட்டர் நூயிட்ஸ், ஹமாடா யாஹேய் என்ற ஜப்பானியக் கப்பல் தலைவனின் ஆயுதங்களைப் பறித்து, கிளம்பவிடாமல் இழுத்தடித்தார். ஹமாடா ஒருநாள் தன் ஆட்களோடு ஆளுநரின் வீட்டுக்கே போய் அவரைப் பிடித்துக் கட்டிவிட்டான். பேரம் பேசி, நூயிட்ஸின் மகன் உட்பட பிணையாட்களோடு ஜப்பான் திரும்பினான். அங்கே பிணையாட்களைச் சிறையில் அடைத்தார்கள், ஹிராடோவின் டச்சு வணிகம் நின்றுபோனது. ஷோகன் ஒரு போர்க்கப்பல்கூட அனுப்பவில்லை. நான்கு ஆண்டு பொறுத்துப் பார்த்த டச்சுக் கம்பெனி, 1632-இல் நூயிட்ஸையே ஜப்பானியரிடம் ஒப்படைத்தது. 1636 வரை அவர் அங்கே காவலில் இருந்தார். அவருடைய மகன் அதற்கு முன்பே சிறையில் இறந்துவிட்டான்.

அதே 1628-இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) தலைநகர் அயுத்தயாவின் ஆற்றில் ஸ்பானியர் ஒரு சிவப்பு முத்திரைக் கப்பலை எரித்தபோதும் அப்படித்தான்: மணிலாவை எட்ட முடியாத ஷோகன், ஒரே மன்னரின் குடிகள்தானே என்று நாகசாகியிலிருந்த போர்த்துக்கீசியக் கப்பல்களைப் பிடித்து வைத்தார்.

பெரும்பாலான மாற்று வரலாறுகள் தவறவிடுவது இதைத்தான். ஜப்பான் கையிலிருந்த ஆயுதம் அதன் வெள்ளி. இவாமி போன்ற சுரங்கங்களின் வெள்ளி ஆசிய வணிகம் முழுவதையும் சுழற்றிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பங்கு டச்சுக்காரர்கள் வழியாக நம் பழவேற்காடு வரை வந்து சோழமண்டலத் துணியாக மாறியது. கோடு போட்ட ஒரு பருத்தித் துணி சாந்தோம் பெயரிலேயே ஜப்பானில் விற்றது. துறைமுகத்தை மூடுவேன் என்று மிரட்டினாலே ஆளுநரைக் கட்டிக் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்டவன் எதற்காகக் கப்பல் கட்டிச் சண்டைக்குப் போகவேண்டும்? இதற்குப் பதில் வைத்திருக்கும் கதையை நான் அரிதாகவே படித்திருக்கிறேன்.

பட்டு எங்கிருந்து வந்தது?

மணிலாவைப் பிடித்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அங்கே என்ன கிடைக்கும்? ஜப்பானியருக்கு வேண்டியது சீனப் பட்டுநூல். சீனாவின் மிங் அரசு ஜப்பானோடு நேரடி வணிகத்துக்குத் தடை போட்டிருந்ததால்தான் வியட்நாமின் ஹோய் ஆன், மணிலா, அயுத்தயா என்று மூன்றாம் இடத்தில் சீனரைச் சந்தித்தார்கள். சீன வணிகர் மணிலாவுக்கு வந்தது மெக்சிகோ வெள்ளிக்காக. ஸ்பானியரை விரட்டினால் அந்த வெள்ளி வராது. ஜப்பானியர் பிடித்த ஊருக்குச் சீனர் தைரியமாக வருவார்களா என்பதும் சந்தேகம்.

சட்சுமாக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. ரியூக்யூவைப் பிடித்தும் மன்னரை அரியணையிலேயே விட்டுவைத்தார்கள். சீனாவுக்குத் திறை அனுப்பும் வழக்கம் தொடர்ந்தது. சீனத் தூதர் வரும் நாட்களில் அங்கிருந்த சட்சுமா ஆட்கள் ஊரைவிட்டு ஒதுங்கி மறைந்திருப்பார்கள். ஜப்பானிய ஆதிக்கத்தை எழுத விரும்புகிறவர்கள் கொடியேற்றும் காட்சிக்குப் பதிலாக இப்படி ஒளிந்துகொள்ளும் காட்சியை எழுதலாம்.

அந்தந்த ஊர் மக்களை மறந்துவிடுவதும் இங்கேதான் நடக்கிறது. அயுத்தயா வெறும் மேடை இல்லை. அங்கே உயர் பதவிக்கு வந்த யமடா நாகமசா என்ற ஜப்பானியர், அரசுரிமைச் சண்டையில் தலையிட்டு, தெற்கே லிகோருக்கு அனுப்பப்பட்டு, 1630-இல் அங்கேயே இறந்தார். அயுத்தயாவின் ஜப்பானியர் குடியிருப்பையும் சயாம் மன்னர் எரித்தார். தைவானைப் பாருங்கள்: டச்சுக்காரர்களை 1662-இல் அங்கிருந்து விரட்டியவர் செங் செங்கொங். ஹிராடோவில் ஜப்பானியத் தாய்க்குப் பிறந்தவர்தான், ஆனால் போரிட்டது மிங் வம்சத்தின் பெயரில். அவரைக் கதைக்குள் கொண்டுவராமல் தைவானைப் பற்றி எழுதுவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

வெளிநாட்டிலிருந்த ஜப்பானியரும் தாய்நாட்டின் சிப்பாய்கள் இல்லை. பலர் கிறித்தவர்கள், துரத்தப்பட்டு ஓடிவந்தவர்கள். 1614-இல் வெளியேற்றப்பட்ட தகயாமா உகோன் மணிலாவில்தான் இறந்தார். சிலர் கூலிப்படை. 1621-இல் இந்தோனேசியாவின் பண்டா தீவில் ஊர்த் தலைவர்களை டச்சுக்காரர்களுக்காக வெட்டியவர்கள் ஜப்பானியக் கூலிவீரர்கள். ஷோகனின் படை மணிலாவில் இறங்கினால் அங்குள்ள ஜப்பானியர் எந்தப் பக்கம் நிற்பார்கள்? கதவைத் திறந்துவிடுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடாதீர்கள்.

சாகசத் தொனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொரியப் போரில் வெட்டிய மூக்குகளைப் புதைத்த மேடு இன்றும் கியோட்டோவில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரால் மலாயாத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். வென்றவன் தோளில் ஏறி நின்று மட்டும் எழுதினால் அவர்கள் முதல் பக்கத்திலேயே இறங்கிவிடுவார்கள்.

சரி, எங்கிருந்து தொடங்கலாம்?

என் தேர்வு 1637. கியூஷுவின் ஷிமாபாரா பிரபு மட்சுகுரா ஷிகெமசா 1630-லேயே லூசோன் மேல் கண் வைத்து, வணிகர் வேடத்தில் ஒற்றர்களை மணிலாவுக்கு அனுப்பினார். அவர்கள் திரும்புவதற்குள் இறந்துபோனார். 1637-இல் திட்டம் மீண்டும் எழுந்தது. இந்த முறை ஜப்பானியர் டச்சுக்காரர்களிடம் துணைக் கப்பல் கேட்டார்கள். அதாவது, கப்பல் இல்லை என்ற முதல் சிக்கலை அவர்களே உணர்ந்திருந்தார்கள். ஆனால் ஆண்டு முடிவதற்குள் ஷிமாபாராவில், மட்சுகுரா குடும்பம் வரி போட்டுப் பிழிந்த விவசாயிகளும் கிறித்தவர்களும் கிளர்ந்தெழுந்தார்கள். மணிலாவுக்குப் போயிருக்கக்கூடிய படை, கிளர்ச்சிக்காரர்கள் இருந்த ஹரா கோட்டையை முற்றுகையிட்டது, டச்சுக் கப்பலும் அங்கேயே குண்டு வீசியது.

அந்தக் கிளர்ச்சி ஓர் ஆண்டு தள்ளிப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மாற்றம் எதுவும் வேண்டாம். போர்க்களத்தைத் தொடாமல் ஹிராடோவிலிருந்து தொடங்குங்கள். டச்சுக் கிளையின் தலைவர் நிக்கோலாஸ் கூக்கெபக்கர் மறுக்கவும் முடியாமல், உதவவும் மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். கப்பல் கொடுத்தால் என்ன விலை கேட்பார்? போர்த்துக்கீசியரை நாகசாகியிலிருந்து துரத்திவிட்டு அந்தப் பட்டு வணிகம் முழுவதையும் தனக்குத் தரும்படி கேட்பார் என்பது என் ஊகம். மணிலா விழுந்தால் அங்கே யார் கொடி பறக்கும் என்பதில்தான் பேரம் முறியும்.