ஏஐ வைத்துப் படம் வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: சென்னை ஓவியர்களுக்கு

சென்னையில் படம் வரைந்து பிழைக்கிற யாரிடம் பேசினாலும் பத்து நிமிடத்தில் ஏஐ பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. புத்தக அட்டை, சிறுகதைக்கு ஓவியம், சபா போஸ்டர், கல்யாணப் பத்திரிகை, யூடியூப் தம்ப்நெயில் என்று எந்த வேலையானாலும் கிளையன்ட்டே ஏதோ ஒரு ஏஐ படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார். சொல்லில் கேட்டால் படம் போட்டுத் தரும் மிட்ஜர்னியும் ஸ்டேபிள் டிஃப்யூஷனும் 2022-இல் பொதுமக்கள் கைக்கு வந்தன. அதற்குப் பிறகு நம் தொழிலில் பயமும் ஆசையும் சேர்ந்தே இருக்கின்றன. பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஃப்ளெக்ஸ் பேனர் வந்தபோது அண்ணா சாலை கட்-அவுட் ஓவியர்களின் வேலை எப்படிக் கரைந்தது என்பதை இந்த ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது.

ஆனாலும் இந்தக் கருவிகளை வைத்து நல்ல வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படத்தைப் பார்த்தால் வரைந்தது யார் என்று பெயர் பார்க்காமலே சொல்லிவிடலாம். தடுமாறுகிறவர்களின் படங்களோ எல்லாம் ஒரே ஆள் வரைந்தவை போல இருக்கின்றன. நான் பார்த்தவரை இந்த வித்தியாசம் எந்தக் கருவி, என்ன விலை என்பதில் இல்லை. வேலையின் எந்தக் கட்டத்தில் கருவி உள்ளே வருகிறது என்பதில்தான் இருக்கிறது.

ஸ்கெட்ச் போடுவதற்கு முன்பே பிராம்ப்ட் அடிப்பது

தவறுகளில் இதுதான் பெரியது. மற்றவற்றில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

ஒரு சிறுகதைக்குப் படம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சைதாப்பேட்டை பஸ் ஸ்டாப்பில் வேலை முடிந்து நிற்கும் ஒரு பெண். கதையைப் படித்த கையோடு "பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தென்னிந்தியப் பெண், சென்னை" என்று பிராம்ப்ட், அதாவது கருவிக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் வரி, அடித்தால் கொஞ்ச நேரத்தில் நான்கு படங்கள் வந்து நிற்கும். பெரும்பாலும் நான்கிலும் தலை நிறைய மல்லிகைப்பூ, பெரிய பொட்டு, பட்டு போல மினுங்கும் சேலை, பின்னால் ஒரு கோபுரம், எல்லாவற்றின் மேலும் தேன் நிறத்தில் வெளிச்சம். அங்கே போய் நின்று பார்த்தவருக்குத் தெரியும் அந்தப் பெண் எப்படி இருப்பாள் என்று. வெயிலுக்காகத் தலையைச் சுற்றிய துப்பட்டாவை இப்போதுதான் தளர்த்தியிருப்பாள். ஒரு தோளில் ஹேண்ட்பேக், கையில் காலியான சாப்பாட்டுப் பை. செல்போனைப் பார்ப்பதும் வருகிற பஸ்ஸின் நம்பரை எட்டிப் பார்ப்பதுமாக, உடம்பின் பாரத்தை ஒரு காலில் போட்டு நிற்பாள். எந்தக் காலில் பாரம், தலை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, பை எவ்வளவு தொங்குகிறது என்று நாம் முடிவு செய்கிற இடத்தில்தான் அந்தக் கதைக்கான படம் பிறக்கிறது.

கருவி ஏன் அப்படிக் கொடுக்கிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். இணையத்திலிருந்து திரட்டிய படங்களையும் அவற்றோடு இருந்த சிறு குறிப்புகளையும் ஜோடி ஜோடியாகக் காட்டித்தான் இவற்றைப் பழக்குகிறார்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷனுக்கு அடிப்படையான லாயான் தொகுப்பில் மட்டும் 500 கோடிக்கும் மேல் ஜோடிகள். நீங்கள் பத்துச் சொல் சொன்னால், சொல்லாமல் விட்ட அத்தனையையும் அது தனக்குப் பழக்கமானதை வைத்து நிரப்பிக்கொள்ளும். "தென்னிந்தியப் பெண்" என்ற சொற்களோடு இணையத்தில் ஒட்டிக் கிடப்பவை கல்யாண ஃபோட்டோவும் நகை விளம்பரமும் சுற்றுலாப் படமும். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறவளை யார் படமெடுத்துக் குறிப்பு எழுதி வைத்தார்கள்?

அந்த நான்கு படங்களை ஒருமுறை பார்த்துவிட்டால் கண் மாட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் நீங்கள் வரைவதில்லை, நான்கில் எது பரவாயில்லை என்று பொறுக்க ஆரம்பிக்கிறீர்கள். அதனால் வரிசையை மாற்றுங்கள். கதையைப் படித்ததும் தீப்பெட்டி அளவில் ஐந்தாறு சின்ன ஸ்கெட்ச், பேனாவால், அழிக்காமல் போடுங்கள். முதல் இரண்டும் எல்லோரும் போடுவதாகவே இருக்கும், பரவாயில்லை. நான்காவது ஐந்தாவதில் ஏதோ ஒன்று உங்களுடையதாக வரும். அதைத் தேர்ந்தெடுத்த பிறகு ஏஐ உள்ளே வரட்டும். பஸ்ஸின் ஹெட்லைட் பக்கவாட்டிலிருந்து அடித்தால் நிழல் எப்படி விழும், பின்னணி நீலமாக இருந்தால் எப்படி, பச்சையாக இருந்தால் எப்படி, மேம்பாலத்தின் பெர்ஸ்பெக்டிவ் சரியா என்றெல்லாம் கேளுங்கள். அந்தக் கேள்விகளுக்கு அது நல்ல உதவியாள். உங்கள் ஸ்கெட்சையே உள்ளே கொடுக்கிற வசதி இருந்தால், எவ்வளவு மாற்றலாம் என்ற அளவைக் குறைத்து வையுங்கள். அதைக் கூட்டினால் உங்கள் கோட்டைத் தள்ளிவிட்டுத் தன் பழக்கத்துக்குத் திரும்பிவிடும்.

ஏஐ காட்டும் சென்னையை அப்படியே எடுத்துக்கொள்வது

முதலில் வெளிச்சம். கத்திரி வெயிலில் மத்தியானம் மெரினாவில் நின்றால் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். சுவர்களின் வெள்ளை கண்ணைக் குத்தும், நிறமெல்லாம் வெளுத்துப் போகும், கடல் தகரம் மாதிரி பளபளக்கும். ஏஐ இதைத் தானாகத் தருவது அபூர்வம், அதற்கு எப்போதும் சாயங்காலம்தான். இந்த ஊரில் வளர்ந்த ஓவியரின் கண்ணில் ஏற்கெனவே வேறு ஒரு நிறக் கணக்கு இருக்கிறது. அதை விட்டுக்கொடுத்தால் படம் அழகாகத்தான் இருக்கும், எந்த ஊர் என்று மட்டும் தெரியாது.

அடுத்தது பொருள்கள். டிசம்பர் சீசன் போஸ்டருக்கு வீணை கேளுங்கள். வருவது பாதி சிதாராக இருக்கும். சரஸ்வதி வீணைக்கு 24 மெட்டு, 7 தந்தி. நான்கு தந்திகள் மெட்டுகளின் மேல் ஓடும், மூன்று தாளத்துக்காகப் பக்கவாட்டில் இருக்கும். தண்டியின் கோடியில் யாளி முகம். வாசிப்பவர் சம்மணமிட்டு உட்கார, சுரைக்காய் இடது தொடை மேல் அமரும். மயிலாப்பூர் ரசிகர் இதை எண்ணிப் பார்க்க மாட்டார். ஆனால் தப்பாக இருந்தால் ஒரு நொடியில் முகம் சுளிப்பார். அந்த ஒரு நொடியில் போஸ்டர் மேல் இருந்த நம்பிக்கை போய்விடுகிறது.

கடைப் பலகையில் தமிழ் எழுத்து வேண்டுமென்றால் கருவியிடம் விடவே விடாதீர்கள். புதிய மாடல்கள் கொஞ்சம் தேறியிருந்தாலும் கொம்பும் புள்ளியும் இடம் மாறுவது இன்னும் நடக்கிறது. கையால் எழுதுங்கள், இல்லையென்றால் ஃபான்ட் போடுங்கள்.

இதற்கு மருந்து பழையதுதான்: போய்ப் பார்த்து வரைவது. பத்திரிகை ஓவியர் சில்பி ஊர் ஊராகப் போய், கோயில்களில் உட்கார்ந்து, சிற்பங்களை நேரில் பார்த்து வரைந்தார். அந்தக் கோடுகளில் இருக்கும் உறுதி அங்கே உட்கார்ந்ததால் வந்தது. நமக்கு எழும்பூர் மியூசியத்தின் வெண்கலக் கூடம் இருக்கிறது. விடிகாலையில் காசிமேடு இருக்கிறது, சாயங்காலம் பாண்டி பஜார் இருக்கிறது. ஸ்கெட்ச் புக்கோடு போங்கள், செல்போனில் ஃபோட்டோவும் எடுத்து வையுங்கள். பிறகு ஏஐயிடம் வேலை வாங்கும்போது அந்தச் சொந்த ஃபோட்டோவை ரெஃபரன்ஸாகக் கொடுத்தால், வருகிற படம் குறைந்தபட்சம் நீங்கள் நின்ற தெருவிலிருந்து தொடங்கும்.

இன்னொரு ஓவியரின் பெயரை பிராம்ப்ட்டில் போடுவது

இதைச் செய்யாதீர்கள். போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரை 2022-இல் எண்ணற்றவர்கள் பிராம்ப்ட்டில் போட்டார்கள். தன் பெயரைத் தேடினால் தான் வரையாத படங்கள் வந்து நிற்கின்றன என்று அவரே வருத்தப்பட்டுச் சொன்னார். 2025 மார்ச்சில் ஜப்பானிய அனிமேஷன் ஸ்டுடியோவான கிப்லியின் பாணியில் படம் போடும் அலை வந்தபோது நம் வீட்டு வாட்ஸ்அப் முகப்புப் படங்கள்கூட அப்படித்தான் மாறின. ஒருவர் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து உண்டாக்கிய கோட்டை அவரைக் கேட்காமல் எடுப்பது சரியில்லை. அதை நம் ஆள்களே, நம் பத்திரிகை ஓவியர்களின் பெயரைப் போட்டுச் செய்வது எனக்கு இன்னும் அதிகமாக வலிக்கிறது.

"நாங்களும் பெரியவர்களைப் பார்த்து வரைந்துதானே கற்றோம்" என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். கையால் காப்பி அடிக்கும்போது கை தோற்கும். பத்திரிகை ஓவியர் கோபுலுவின் ஒரு கோட்டை அப்படியே போட முயன்று முடியாமல், வேறு மாதிரி வளைத்து, அந்த வளைவு நாளடைவில் உங்கள் வளைவாகிவிடும். பெயரை அடித்து வாங்கிய படத்தில் அந்தத் தோல்வி நடக்கவே இல்லை, அதனால் உங்களுக்கு எதுவும் சேரவும் இல்லை.

சொந்தப் பழைய படங்களை ஊட்டிவிட்டுத் திருப்திப்படுவது

இது நுணுக்கமானது, நல்ல ஓவியர்களும் விழுகிற குழி. லோரா என்ற முறையில் உங்களுடைய இருபது முப்பது படங்களைக் கொடுத்தாலே போதும், கருவி உங்கள் பாணியில் படம் போடப் பழகிவிடும். யாருடையதையும் திருடவில்லை, என் குரல்தானே என்று நிம்மதியாக இருக்கும்.

கே.சி.எஸ். பணிக்கரை நினைத்துப் பாருங்கள். எழும்பூர் ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றவர். கேரள நிலக்காட்சிகளை வாட்டர்கலரில் வரைந்து பேர் வாங்கியவர் அவர். 1963 வாக்கில், ஐம்பது வயது தாண்டிய பிறகு, எழுத்துருக்களும் ஜாதகக் கட்டம் போன்ற வடிவங்களும் குறியீடுகளும் நிறைந்த முற்றிலும் வேறான ஒரு வரிசையைத் தொடங்கினார். இன்று அவர் பெயரைச் சொன்னால் பலருக்கு நினைவு வருவது அந்த வரிசைதான். 1962 வரையிலான அவர் படங்களை மட்டும் ஊட்டியிருந்தால், எந்தக் கருவியும் அதே மாதிரி நல்ல நல்ல படங்களாகக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கும். அடுத்து அவர் எங்கே போவார் என்பது பழைய படங்களில் இல்லை, அவருடைய அலுப்பிலும் தேடலிலும் இருந்தது.

உங்கள் பாணியில் பழக்கிய மாடலை அவசர வேலைக்கு, பின்னணி நிரப்ப, ஒரே பாத்திரத்தைப் பல கட்டங்களில் போட என்று பயன்படுத்துங்கள். புதிய வேலையை மட்டும் அதில் தொடங்காதீர்கள். அது தருவதைப் பார்த்து "அட, என்னை மாதிரியே இருக்கிறதே" என்று தோன்றினால், நீங்கள் அங்கிருந்து நகர வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடைசிக் கட்டத்தில் எல்லாவற்றையும் மழுங்கடிப்பது

படம் முடிந்ததும் பெரிதாக்கவும் சுத்தப்படுத்தவும் ஏஐயிடம் கொடுக்கிறோம். திரும்பி வரும்போது பிரஷ் திக்கிய இடம் வழவழப்பாகியிருக்கும், கன்னத்தில் விட்ட வெற்றிடம் நிரம்பியிருக்கும், இரண்டு கண்ணும் சம அளவாகியிருக்கும். ஓவியர் ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களில் மை அடர்ந்தும் மெலிந்தும் போகிற இடங்களைச் சீராக்கினால் என்ன மிஞ்சும்? பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முகம், கை, வெளிக்கோடு இவற்றை உங்கள் லேயரிலிருந்தே திரும்பக் கொண்டுவந்து ஒட்டுங்கள்.

அப்புறம், படம் நன்றாக இருக்கிறதா என்று சாட்பாட்டிடம் கேட்டுத் திருப்திப்படாதீர்கள். பெரும்பாலும் பாராட்டித்தான் பேசும். முகத்துக்கு நேரே "இது சரியில்லப்பா" என்று சொல்கிற சீனியர் ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்காட்சிக் குறிப்பை ஏஐயிடம் எழுதச் சொல்வது

கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியில் படத்தை மாட்டும்போது பக்கத்தில் ஓவியரின் குறிப்பு ஒன்றும் வேண்டியிருக்கிறது. ஏஐ எழுதினால் நினைவு, அடையாளம், வெளி, தேடல் என்று எல்லோருக்கும் ஒரே பத்தி வருகிறது. ஒரு நண்பருக்குச் சொல்வது போல உங்கள் படத்தைப் பற்றிச் செல்போனில் தமிழில் பேசிப் பதிவு செய்யுங்கள். அதை எழுத்தாக்கவும் இங்கிலீஷில் பிழை திருத்தவும் மட்டும் உதவி கேளுங்கள். "அம்மாவின் தையல் மெஷின் சத்தம்" என்று நீங்கள் சொன்னது "குடும்ப நினைவுகளின் அதிர்வு" என்று மாறி வந்தால் தயங்காமல் பழையதையே வையுங்கள்.

கிளையன்ட்டிடம் மறைப்பதும் உரிமையைக் கவனிக்காமல் விடுவதும்

எந்தப் பகுதியில் ஏஐ பயன்பட்டது என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் நல்ல படமும் கெட்ட பெயராகிவிடும். சட்டமும் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் சேர்த்த ஒரு வரி, கணினியால் உருவாகும் படைப்புக்கு அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்கிறது. இன்றைய ஏஐயை மனதில் வைத்து எழுதிய வரி இல்லை அது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023-இல் ஒரு காமிக்ஸ் புத்தகத்தின் எழுத்துக்கும் பக்க அமைப்புக்கும் உரிமை கொடுத்துவிட்டு, மிட்ஜர்னி போட்ட படங்களுக்கு மறுத்தது. வெறும் பிராம்ப்ட் அடித்தது மட்டும் போதாது என்று 2025 ஜனவரி அறிக்கையிலும் சொன்னது. வெளிநாட்டுப் பதிப்பகத்துக்கு வேலை செய்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அதனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபோல்டர் போடுங்கள். தீப்பெட்டி ஸ்கெட்சுகளைத் தேதி எழுதி ஸ்கேன் செய்தது, எடுத்த ஃபோட்டோக்கள், லேயர்களை ஒன்றாகச் சேர்க்காத மூல ஃபைல், அடித்த பிராம்ப்ட்டுகள் எல்லாம் அதில் இருக்கட்டும். இன்னும் வெளிவராத கதையையோ கிளையன்ட்டின் டிசைனையோ கருவியில் ஏற்றும் முன் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். நாம் கொடுப்பதை வைத்துக் கருவி தன்னைப் பழக்கிக்கொள்ளும் அமைப்பு இருந்தால் செட்டிங்ஸில் போய் அணைத்துவிடுங்கள். பில்லிலும் ஒரு வரி சேருங்கள்: கோட்டோவியமும் வண்ணமும் கையால், பின்னணி ஏஐ உதவியுடன்.