பார்வை குறைஞ்சவங்க வீட்ல போனை வச்சு எப்படி சமாளிக்கலாம்

வீட்ல யாருக்காவது சுகராலயோ க்ளாகோமாவாலயோ (கண் அழுத்த நோய்) பார்வை குறைஞ்சிடுச்சுன்னா போதும், சொந்தக்காரங்க ஆளுக்கு ஒரு ஆப் லிங்க் அனுப்பிடுவாங்க, போன் பூரா ஆப்பா இருக்கும், ஒண்ணைக்கூட தொறக்க மாட்டாங்க. என்னைக் கேட்டா மூணு நாலு ஆப் தாராளம், எந்த ஆப்புங்கறதை விட போனை எப்படி பிடிக்கிறோம், ரூம்ல வெளிச்சம் இருக்கா இல்லையாங்கறது தான் விஷயமே.

முதல்ல டாக்பேக், அதாவது ஸ்க்ரீன்ல இருக்கறதை வாய்விட்டு படிச்சு சொல்ற வசதி. ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ் போயி அக்ஸஸிபிலிட்டிக்குள்ள பாருங்க (ஐபோன்னா வாய்ஸ்ஓவர்). ஆன் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, ஆன் ஆயிட்டா ஒரு தடவை தொட்டா அது என்னன்னு படிக்கும் அவ்ளோ தான், தொறக்கணும்னா டபுள் டேப் பண்ணணும், ஆண்ட்ராய்டுல ஸ்க்ரோல் பண்ண ரெண்டு விரல் வேணும். இது தெரியாம ஆன் பண்ணிட்டு போன் ஹேங் ஆயிடுச்சுன்னு பதறாத ஆளே கிடையாது. அதனால ஆண்ட்ராய்டுல ரெண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து மூணு செகண்ட் அமுக்கினா ஆன் ஆஃப் ஆகுற ஷார்ட்கட்டை முதல்ல செட் பண்ணிடுங்க. டெக்ஸ்ட் டு ஸ்பீச்ல தமிழ் வாய்ஸை டவுன்லோட் பண்ணி ஸ்பீடை குறைச்சு வைங்க, பழகினப்புறம் அவங்களே ஏத்திக்குவாங்க. ஓரளவு பார்வை இருக்கவங்களுக்கு இதெல்லாம் வேண்டாம், எழுத்தை பெருசாக்கி, மேக்னிஃபிகேஷனும் (ஸ்க்ரீனை பெருசாக்கி காட்டும்) கலர் இன்வர்ஷனும் (கலரை தலைகீழா மாத்தும்) போட்டு குடுத்தாலே பாதி பிரச்சினை தீர்ந்துடும்.

இப்ப படிக்கிற வேலைக்கு வருவோம், கரண்ட் பில், பேங்க் லெட்டர் இந்த மாதிரி. இங்கிலீஷ்ல இருந்தா கூகுளோட லுக்அவுட் ஆப் நல்லா படிக்கும், தமிழ்னா கூகுள் லென்ஸ். ஆனா பேப்பரை ஒரு கையில அந்தரத்துல பிடிச்சுகிட்டு இன்னொரு கையில போனை ஆட்டினா எந்த ஆப்பும் உருப்படியா படிக்காது. பேப்பரை டேபிள்ல விரிச்சு ஓரத்தை தடவிப் பார்த்து நேரா வைக்கணும், போனை பேப்பர் நடுவுல படுக்க வைக்கணும், ரெண்டு முழங்கையையும் டேபிள்ல ஊனிகிட்டு போனை அப்படியே மெதுவா நேரா மேல தூக்கணும், ஒரு அடி உயரம் வந்ததும் நிறுத்தி மூச்சு விடுற நேரம் அசையாம இருக்கணும். சுத்தமா பார்வை இல்லாதவங்க கூட இதை ஒரு சாயங்காலத்துல பழகிடலாம். டேபிள் டார்க் கலரா இருந்தா இன்னும் நல்லது, வெள்ளை பேப்பர் தனியா தெரியும்.

வெளிச்சம்னு சொன்னேன்ல, தனியா இருக்கவங்களுக்கு ட்யூப்லைட் எரியுதா இல்லையான்னே தெரியாது, ஆப் படிக்கலையேன்னு இருட்டுல உக்காந்து திட்டிகிட்டு இருப்பாங்க. ஐபோன்ல மைக்ரோசாஃப்டோட சீயிங் ஏஐ ஆப்புக்குள்ள லைட்னு ஒரு பகுதி இருக்கு, வெளிச்சம் கூடக்கூட சத்தம் கீச்சுன்னு ஏறும், சின்ன விஷயம் ஆனா ரொம்ப உதவும். சீயிங் ஏஐ 2023 டிசம்பர்ல ஆண்ட்ராய்டுக்கும் வந்துடுச்சு.

பணம். புது நோட்டுல 100, 200, 500 மூணுமே அகலம் 66 மில்லிமீட்டர் தான், நீளம் 142, 146, 150, அதாவது அடுத்தடுத்த நோட்டுக்கு வித்தியாசம் வெறும் 4 மில்லிமீட்டர். ஓரத்துல தடவிப் பார்க்குற கோடு இருக்கு தான், 500க்கு அஞ்சு கோடு, 100க்கு நாலு, ஆனா கசங்கின நோட்டுல விரலுக்கு எங்க தெரியுது. அதுக்கு ரிசர்வ் பேங்க் 2020 ஜனவரி 1ம் தேதி விட்ட மணி ஆப் போடுங்க, நெட் இல்லாமலே ஓடும், பாதி மடிச்ச நோட்டையும் கண்டுபிடிக்கும், வைப்ரேஷன்லயும் சொல்லும். கள்ள நோட்டா நல்ல நோட்டான்னு மட்டும் அது சொல்லாது.

மாத்திரை அட்டை தான் பெரிய தலைவலி. பளபள ஃபாயில்ல லைட் பட்டு கண்ணாடி மாதிரி அடிக்கும், பேரு பாதி பாதியா படிக்கும், அச்சுல குத்தின எக்ஸ்பயரி தேதி பெரும்பாலும் வராது. அட்டையை கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சு ட்ரை பண்ணலாம், ஆனா மருந்து விஷயத்துல ஆப்பை மட்டும் நம்பாதீங்க. காலை மாத்திரை டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், ராத்திரி டப்பாவுக்கு ரெண்டு, இதுக்கு சார்ஜே வேண்டாம். மஞ்சத்தூள் மிளகாத்தூள் டப்பாவுக்கும் அதே தான், அங்க மூக்கை விட நல்ல ஆப் இன்னும் வரலை.

எதுவுமே வேலைக்கு ஆகலைன்னா பி மை ஐஸ். டென்மார்க்ல 2015ல ஆரம்பிச்சது, ஃப்ரீ, கால் போட்டா ஒரு வாலண்டியர் உங்க கேமரா வழியா பார்த்து சொல்லுவாங்க, மொழியை தமிழ்னு செலக்ட் பண்ணி வைங்க. ஆள் கிட்ட பேச கூச்சமா இருந்தா அதே ஆப்புல போட்டோ எடுத்து ஏஐ கிட்ட கேக்கலாம், சட்டை கலர், ஃப்ரிட்ஜ்ல என்ன இருக்குன்னு கேக்க சூப்பர், ஆனா சில நேரம் இல்லாததை இருக்குன்னு அடிச்சு சொல்லும், கேஸ் அடுப்பு ஆஃப் ஆயிருக்கான்னு எல்லாம் அது கிட்ட கேக்காதீங்க, நாப்பை கையால தொட்டுப் பாருங்க. கால் போடுறதுக்கு முன்னாடி டேபிள்ல ஏடிஎம் கார்டு, பாஸ்புக் ஏதாவது கிடக்கான்னு தடவிப் பார்த்து எடுத்து வச்சிடுங்க, ஓடிபி வந்தா இயர்போன் போட்டு தனியா கேளுங்க.